டீச்சரிடம் யார் சொல்வது

பிலோமினா டீச்சர் இனிமேல் பூங்காவுக்கு வரக்கூடாது என்று முடிவானது கிறிஸ்டோபரின் பெயிண்ட் கடையில்தான். முடிவெடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அதை டீச்சரிடம் யார் போய்ச் சொல்வது என்று வந்தபோதுதான் எல்லாருடைய டம்ளரிலும் டீ ஆறிப்போனது.

"நீ சொல்லு ரெக்ஸு. நீதான் வாய் உள்ளவன்" என்றார் கிறிஸ்டோபர்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் ரெக்ஸ் தன் வலது காதைப் பொத்திக்கொண்டார். "ஏண்ணே, இந்தக் காது என்ட்ட இருக்கது ஒங்களுக்குப் பொறுக்கலையா? ஏழாப்புல டீச்சர் திருகுனது. இன்னமும் மழை பேஞ்சா வலிக்கி. நீங்க தலைவரு, நீங்க சொல்லுங்க."

"நான் எப்படிய்யா சொல்லுவேன்? போன வாரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது போன் அடிச்சாக. டீச்சர்னதும் எச்சிக் கையோட எந்திரிச்சு நின்னுல்ல பேசுறேன். என் பொண்டாட்டி சிரிக்கிறா."

எல்லாரும் சிரித்தார்கள். பில் போடும் மேசையில் இருந்த அனிதா மேரியும் சிரித்தாள். முதலாளி சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரிப்பது அவள் வழக்கமாகையால் அவள் சிரிப்பு எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் வரும்.

கம்பம் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் நகராட்சிப் பூங்காவை மூன்று வருடத்துக்கு முன்பு பார்த்தவர்கள் அதற்குள் மூக்கைப் பிடிக்காமல் போயிருக்க மாட்டார்கள். சறுக்குப் பலகைக்கு அடியில் பன்றி குட்டி போட்டிருந்தது. ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த பிலோமினா டீச்சர்தான் தன்னிடம் படித்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். நலமா என்று கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை மம்பட்டியோட வா" என்றார். நரைத்தவர்களும் தொப்பை விழுந்தவர்களும் மம்பட்டியோடு வந்து நின்றார்கள். சுற்றிலும் திராட்சைக்கு மருந்தடித்து மருந்தடித்துத் தேனீக்குத் தோட்டத்தில் இடமில்லாமல் போய்விட்டது, அதற்கு ஊருக்குள் நாம்தான் இடம் விட வேண்டும் என்று டீச்சர் வெயிலில் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார். துளசி, தும்பை, இட்லிப்பூ, செண்டுமல்லி என்று வைத்தார்கள். பூவுக்குத் தேனீ வந்தது. புழு தின்பதற்கென்றே எருக்கும் கறிவேப்பிலையும் வைத்தார்கள். வண்ணத்துப்பூச்சி வந்தது. பிறகு பத்திரிகைக்காரர் வந்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள், 'வண்ணத்துப்பூச்சி நண்பர்கள்' என்று வாட்ஸப்பில் ஒரு குழு வந்தது. பயத்தில் வந்தவர்களுக்குப் பெருமை பிடித்துப்போய்விட்டது.

டீச்சருக்கோ அது பெருமை இல்லை. அவருக்கு வேறு போக்கிடமே கிடையாது. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. கோயில் தெருவில் பின்கட்டு வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்து பூங்காவுக்கு வந்தால்தான் அவரோடு நாலு பேர் பேசுவார்கள், அவர் பத்துப் பேரை ஏசுவார். அந்தத் தோட்டத்தை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது நாலு சுவரும் ஒரு டி.வி.யும்தான். இது குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

விவகாரம் இட்லிப்பூவில் ஆரம்பித்தது. ஏலக்காய் வியாபாரி சுயம்புலிங்கம்தான் பூங்காவுக்குப் போர்வெல் போட்டுக் கொடுத்தவர், வேலியும் அவர் உபயம். அவர் மனைவி தங்கபுஷ்பம் காலையில் நடக்க வருகிறவர், போகும்போது சாமிக்கென்று ஒரு கேரிபேக் நிறையப் பூப்பறித்துக்கொண்டு போவார். யாரும் கண்டுகொள்வதில்லை. டீச்சர் ஒருநாள் கேரிபேக்கைப் பிடுங்கிப் பூவையெல்லாம் செடியின் காலடியிலேயே கொட்டினார்.

"களவாண்ட பூவு சாமிக்கா? நில்லு அங்கன. இதத் தேடி வந்த தேனீ வெறுங்கையோட திரும்பிப் போகும் பாரு. அதப் பாத்துட்டுத்தான் நீ போகணும்."

தங்கபுஷ்பம் டீச்சரிடம் படித்தவர் இல்லை. இருந்தாலும் அந்தக் குரலுக்கு நின்றுவிட்டார். நடைப்பயிற்சிக்கு வந்த பாதி ஊர் பார்க்க நின்றார். வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ, மறுநாள் சுயம்புலிங்கம் கிறிஸ்டோபரைக் கூப்பிட்டு, "பூங்காவ முறையாத் தொறந்து வைப்போம்யா, சேர்மனக் கூப்பிடுவோம், செலவு என்னோடது. ஆனா அந்தம்மா அங்கன இருக்கப்படாது. அன்னிக்கும் இருக்கப்படாது, அதுக்குப் பெறகும் இருக்கப்படாது" என்று முடித்துவிட்டார்.

அதனால்தான் இந்தக் கூட்டம்.

சினேகா தனியார் வங்கியில் வேலை பார்ப்பவள், தேனியில் இருந்து வந்தவள், டீச்சரிடம் அடி வாங்காதவள். "ஏன் இப்படிப் பயந்து சாகுறீங்க? யாரும் எதுவும் சொல்ல வேணாம். புதுசா ஒரு குரூப் ஆரம்பிப்போம். எல்லாரும் அதுல இருப்போம். டீச்சர் மட்டும் பழைய குரூப்ல இருக்கட்டும்" என்றாள்.

"பழசு செத்த பாம்பாட்டம் கெடந்தா அவுகளுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் கிறிஸ்டோபர்.

"ஒருத்தர் பதில் போட்டுக்கிட்டே இருந்தாப் போதும் சார். கொஞ்சம் கொஞ்சமா அவங்களே விட்டுருவாங்க."

அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாத் தலையும் பில் மேசைப் பக்கம் திரும்பின.

"அனிதா போடும். அதுக்கு டீச்சர் மேல ரொம்பப் பாசம்" என்றார் கிறிஸ்டோபர்.

அனிதா மேரிக்கு அந்தக் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தவரே டீச்சர்தான். ஒருநாள் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து கல்லாவுக்கு முன்னால் நிறுத்தி, "கிறிஸ்டோபர், இந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை போடு" என்றார். கிறிஸ்டோபர் எழுந்து நின்று, "சரிங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். ஆனால் கடையில் அவள் பெயர் 'ஏய் பில்லு'தான். பூங்காவில் மட்டும்தான் அவள் அனிதா. அங்கேதான் முதலாளியின் மனைவி ஜெபா அவளுக்கும் பீங்கான் கப்பில் காபி ஊற்றிக் கொடுப்பார், ரெக்ஸ் படம் எடுக்கும்போது, "அனிதா, முன்னால வா, மறைக்கிதுல்ல" என்பார். டீச்சரோடு சேர்த்துத் தன்னையும் பழைய குழுவிலேயே விட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் அவளுக்கு முதலில் வந்தது.

"நானும் புது குரூப்ல இருப்பேன்ல சார்?" என்று கேட்டாள்.

"நீ இல்லாமயா?" என்றார் கிறிஸ்டோபர்.

அன்றிலிருந்து அவள் இரண்டு குழுவுக்கும் வேலைக்காரி ஆனாள். டீச்சர் விடிந்ததும் படம் போடுவார். படத்தில் பாதி அவருடைய கட்டைவிரலாக இருக்கும். கீழே, 'எருக்கு இலையின் அடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் முட்டை. யார் கண்ணுக்குத் தெரிகிறது?' என்று எழுதியிருப்பார். அனிதா, 'அருமை டீச்சர். ரெக்ஸ் அண்ணன் கண்டுபிடித்துவிட்டாராம்' என்று பதில் போடுவாள். முதல் இரண்டு நாள் விரல் கூசியது. மூன்றாவது நாள் டீச்சர் தன் முகத்தையே தவறுதலாக, அதுவும் பல்செட் போடுவதற்கு முன்னால் எடுத்து, 'இன்று தோட்டத்துக்கு வந்த புதிய விருந்தாளி' என்று எழுதி அனுப்பிவிட்டார். தேனீயை எடுப்பதாக நினைத்திருக்கிறார். அனிதா அதை அப்படியே எடுத்துப் புதுக் குழுவில் போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மடமடவென்று சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன. கிறிஸ்டோபர் சார்கூடச் சிரித்திருந்தார். 'அனிதா, நீ இவ்வளவு குசும்புக்காரியா!' என்று எழுதியிருந்தார் ஜெபா.

அவள் எழுதிய எதற்கும் அதுவரை யாரும் அப்படிச் சிரித்ததில்லை. அதற்குப் பிறகு டீச்சர் எது போட்டாலும் அது பல் துலக்கும் நேரத்துக்குள் புதுக் குழுவுக்கு வந்துவிடும், மேலே அனிதாவின் கேலி வரி ஒன்றோடு. சில நாள் அவளே டீச்சரைத் தூண்டிவிட்டாள். 'டீச்சர், புழு எப்படி நடக்கும் என்று குரலில் பதிந்து அனுப்புங்கள்' என்பாள். டீச்சர் மூச்சு வாங்க விளக்கிப் பதிந்து அனுப்புவார்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. ஞாயிறு என்றால் டீச்சர் பூங்காவில்தான் இருப்பார், பூட்டு போட்டாலும் கேட் ஏறிக் குதிப்பார் என்று ரெக்ஸ் சொன்னார். ஊருக்கு அனுப்பலாமா, உடம்பு சரியில்லாமல் ஆக்கலாமா என்று ஆளுக்கொன்று பேசினார்கள். அனிதாதான் சொன்னாள்.

"கிலுகிலுப்பைச் செடின்னா போதும் சார். ஆறு மாசமா கேட்டுக்கிட்டு இருக்காக. அந்தச் செடிக்கு வண்ணத்துப்பூச்சி பூராம் மொய்க்குமாம். காமயகவுண்டன்பட்டில நல்லகண்ணு அண்ணன் திராட்சைத் தோட்டத்து வேலில நெறைய கெடக்கு. அங்கன நாத்து எடுக்கப் போறோம்னு பழைய குரூப்ல போட்டா, அவுக மொத ஆளா பஸ் ஸ்டாண்டுல நிப்பாக."

"கெட்டிக்காரி" என்றார் கிறிஸ்டோபர். "ஆனா தனியாப் போனா சீக்கிரமே திரும்பிருவாகளே. நீ கூடப் போ. மத்தியானம் வரைக்கும் பிடிச்சு வச்சுக்க."

விழாவுக்கென்று எல்லாப் பெண்களும் ஒரே நிறத்தில் புடவை எடுத்திருந்தார்கள். அனிதாவுக்கும் சேர்த்துத்தான் எடுத்திருந்தார்கள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஜெபா, "அடுத்த வருசம் ஆண்டு விழாவுக்குக் கட்டிக்கலாம்டி" என்றார்.

ஞாயிறு காலை டீச்சர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். தலையில் தொப்பி, தோளில் சாக்கில் சுற்றிய மம்பட்டி, கையில் பெரிய தூக்குவாளி.

"மத்த கழுதைக எல்லாம் எங்க?"

"பைக்ல முன்னால போயிட்டாக டீச்சர்."

"தூக்குல புளிச்சோறு. எல்லாருக்கும் கட்டிருக்கேன். ரெக்ஸுக்குக் கடலை பிடிக்காது, அவனுக்குத் தனியா வச்சிருக்கேன். நீ தூக்கு, எனக்குத் தோள்பட்டை இத்துப்போச்சு."

டவுன் பஸ்ஸில் தூக்குவாளி அனிதாவின் மடியில் சூடாக இருந்தது. டீச்சர் வழி நெடுகப் பேசினார். எந்தத் தோட்டத்தில் என்ன மருந்து, எந்தத் தென்னையில் என்ன நோய், இவள் ஏன் இன்னும் முடியை ஒழுங்காக வாரிக் கட்டக் கற்றுக்கொள்ளவில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கிய இடத்தில் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் அனிதாவுக்குத் தோன்றியது. சொன்னால் டீச்சர் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்ப் பந்தலையே பிரித்துவிடுவார், கிறிஸ்டோபர் சார் யார் சொன்னது என்று கேட்பார். அவள் தூக்குவாளியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

தோட்டத்தில் ஒருவரும் இல்லை. "இன்னும் வரலையா?" என்று டீச்சர் கேட்டார். "வருவாக டீச்சர், வழில சாப்பிட்டுக்கிட்டு இருப்பாக" என்றாள். வேலியோரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த கிலுகிலுப்பையைப் பார்த்ததும் டீச்சர் மற்றவர்களை மறந்தார். முட்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு கன்றாக மண்ணோடு தோண்டிச் சாக்கில் அடுக்கினார். "வேர் அறுக்காம எடு, மண்டு. ஒம்பதாப்புலயும் இப்படித்தான், படம் வரையச் சொன்னா வேர விட்டுட்டு வரைவா." ஏசுவதற்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

திராட்சைப் பந்தலுக்குள் மருந்தடித்துக்கொண்டிருந்த நல்லகண்ணு வெளியே வந்தார். மயில்துத்த மருந்து பட்டுக் கையெல்லாம் நீலம். டீச்சரைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவரும் டீச்சரிடம் படித்தவர்தான்.

"டீச்சர், நீங்க இங்கன இருக்கீக? ஒங்க பூங்காத் தெறப்பு இன்னிக்குத்தான?"

"என்ன தெறப்பு?"

"சேர்மன் வந்து தெறந்து வச்சாராமே. என் மச்சான் அங்கனதான் மைக்செட்டுப் போட்டிருக்கான். ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கானே." அவர் கையைத் துடைத்துப் போனை எடுத்தார். அனிதா கண்ணைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். சேர்மனுக்குப் பக்கத்தில் நின்று தங்கபுஷ்பம் ரிப்பன் வெட்டினார். கிறிஸ்டோபர் தட்டு பிடித்திருந்தார். ஒரே நிறப் புடவைகள் வரிசையாகக் கை தட்டின. டீச்சர் அந்த வீடியோவை இரண்டாவது முறையும் போடச் சொன்னார். ஒவ்வொரு முகமாக உதட்டசைத்துப் பெயர் சொல்லிப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, தூக்குவாளியையும் அவரிடமே கொடுத்தார்.

"வேலைக்காரங்களுக்குப் போடு. ஊசிப்போறதுக்குள்ள சாப்பிடணும்."

திரும்பும் பஸ் வந்தது. இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும் டீச்சர், "எந்திரி" என்றார்.

"டீச்சர்..."

"எந்திரிச்சு நில்லு."

முப்பத்தைந்து வயது அனிதா மேரி எழுந்து நின்றாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் டீச்சர்."

"கிலுகிலுப்பை யாரு சொன்னது?"

பஸ் ஒரு குழியில் விழுந்து எழுந்தது.

"நான்தான் டீச்சர்."

கண்டக்டர் சில்லறையைக் குலுக்கிக்கொண்டே, "என்ன டீச்சர், வீட்டுப்பாடம் எழுதலையா புள்ள?" என்றார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதில் ஒருவர் கடைக்கு வழக்கமாக வரும் பெயிண்டர்.

"எழுதுவா, நல்லா எழுதுவா" என்றார் டீச்சர், பஸ் முழுக்கக் கேட்கும் வகுப்புக் குரலில். "இவ அப்பன் குடிச்சுட்டு ஸ்கூல் கேட்டுல துணி வெலகி விழுந்து கெடப்பான். நான்தான் பெரிய பையன்களை விட்டுத் தூக்கி ஓரமாப் போடச் சொல்லுவேன். இவ கிளாஸ்ல இருந்து எட்டிப் பாப்பா. யாருடி அதுன்னு பிள்ளைக கேட்டா, தெரியாதும்பா. பெத்த அப்பனயே தெரியாதுன்னு சொன்னவ. என்னத் தெரியாதுன்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெயிண்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அனிதா மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு கம்பம் வரை நின்றே வந்தாள். உட்கார் என்று டீச்சர் சொல்லவில்லை.

பூங்காவில் சேர்மன் போய்விட்டிருந்தார். பந்தலில் சாம்பார் சாதமும் கேசரியும் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கோடு டீச்சர் உள்ளே வந்ததும் தட்டு வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். ரெக்ஸ் வாயில் இருந்ததை மெல்லாமல் விழுங்கினார்.

"வாங்க டீச்சர், வாங்க" என்று கிறிஸ்டோபர் நாற்காலியோடு ஓடிவந்தார். "நீங்க வருவீகன்னுதான்..."

டீச்சர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். போனவர் நின்றுவிட்டார். எருக்கு ஒன்றுகூட இல்லை. மங்கள காரியத்தில் முகப்பில் எருக்கு நிற்கக்கூடாது என்று தங்கபுஷ்பம் சொன்னாராம், முந்தின நாளே ஆள்விட்டுப் பிடுங்கியாயிற்று. கறிவேப்பிலையும் புழு விழுகிறது என்று போய்விட்டது. அந்த இடத்தில் பாய் விரித்ததுபோல் விலைக்கு வாங்கிய புல்லை ஒட்டி, நடுவில் ரோஜாத் தொட்டிகளை வைத்திருந்தார்கள். பிடுங்கிய எருக்கு வேலிக்கு அந்தப் பக்கம் குப்பையாகக் கிடந்தது. வாடிய இலைகளில் இன்னும் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன.

டீச்சர் புல்லின் நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்தார். மம்பட்டியால் புல்லை வெட்டிக் குழி தோண்டி, முதல் கிலுகிலுப்பைக் கன்றை வைத்தார்.

"பாத்தீகளா? நான் சொன்னேன்ல?" என்றார் தங்கபுஷ்பம் கணவரிடம், எல்லாருக்கும் கேட்கும்படி. சுயம்புலிங்கம் கிறிஸ்டோபரைப் பார்த்தார். கிறிஸ்டோபர் ரெக்ஸைப் பார்த்தார். ரெக்ஸ் சினேகாவைப் பார்த்தார், சினேகா போனைப் பார்த்தாள். டீச்சர் இரண்டாவது குழியைத் தோண்ட ஆரம்பித்தார். கடைசியில் எல்லாரும் பார்த்தது அனிதாவை.

"ஏய், போயி கூட்டிட்டு வா" என்றார் கிறிஸ்டோபர் பல்லுக்கு இடையில்.

அவள் போனாள்.

"டீச்சர், எந்திரிங்க."

"தண்ணி கொண்டா" என்றார் டீச்சர் நிமிராமல்.

"எந்திரிங்கன்னேன். ஒங்கள இங்கன யாரும் கூப்பிடல."

டீச்சர் நிமிர்ந்தார். பந்தலில் கரண்டிச் சத்தம் நின்றது. அனிதாவுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. அத்தனை பேரும் தன் வாயையே பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. பேசப் பேசச் சுலபமாக இருந்தது.

"யாருக்குமே சொல்லத் தைரியமில்ல, நான் சொல்றேன். ஒங்களுக்குப் பயந்துதான் இவுக எல்லாம் வந்தாக. பூச்சிக்கும் வரல, பூவுக்கும் வரல. ஒங்கள ஒருத்தருக்கும் பிடிக்காது. ஸ்கூல்லயும் பிடிக்காது, இப்பவும் பிடிக்காது. ஒங்கள விட்டுட்டு வேற குரூப் ஆரம்பிச்சு மாசம் ஆச்சு. நீங்க அனுப்புறத வச்சுத்தான் எங்களுக்குப் பொழுதே போகுது. இந்தாங்க, பாருங்க."

போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். பல்செட் இல்லாத முகம், கீழே சிரிப்பு முகங்களின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர். விரலால் அவளே தள்ளித் தள்ளிக் காட்டினாள். டீச்சர் எல்லாவற்றையும் படித்தார். விடைத்தாள் திருத்துவதுபோல் ஒரு வரியையும் விடாமல் படித்தார்.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி பிடித்துக்கொண்டது. மண் கையை மேலே நீட்டினார். அனிதா அந்தக் கையைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். பந்தலில் இருந்து யாரும் வரவில்லை. போனால் டீச்சரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டீச்சர் ஒருமுறை சரிந்து புல்லில் கையூன்றினார், மறுபடி முயன்றார். கேசரி கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரர்தான் அடுப்பைவிட்டு ஓடிவந்து, "என்னய்யா வேடிக்கை பாக்குறீக?" என்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். டீச்சர் மம்பட்டியை எடுக்கவில்லை, சாக்கையும் எடுக்கவில்லை, தொப்பி விழுந்ததைக் கவனிக்கவில்லை. கேட்டைத் தாண்டிப் போனார்.

அனிதா திரும்பிப் பந்தலைப் பார்த்தாள். ஒருவராவது தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர்களால் முடியாததை அவள் முடித்திருக்கிறாள்.

"என்னடி இப்படிப் பேசிப்புட்ட?" என்றார் ஜெபா. கண்ணில் நீர் திரண்டிருந்தது.

"டீச்சர்டி அவுக. டீச்சர்" என்றார் ரெக்ஸ்.

சுயம்புலிங்கம்கூடத் தலையை ஆட்டினார். "நான் வர வேணாம்னுதான் சொன்னேன். இம்புட்டு அசிங்கப்படுத்தவா சொன்னேன்? வயசுல பெரியவுக." தங்கபுஷ்பம் உச்சுக் கொட்டினார்.

"சார், நீங்கதான கூட்டிட்டு வரச் சொன்னீக?"

"கூட்டிட்டு வரத்தான சொன்னேன்?" என்றார் கிறிஸ்டோபர்.

சாயங்காலம் புதுக் குழுவில் ஒவ்வொருவராக எழுதினார்கள். 'எழுத்தறிவித்தவரை அவமதித்தது நம் எல்லாருக்கும் தலைகுனிவு.' 'என் மனசே ஆறவில்லை.' 'சிலர் வளர்ந்த விதம் அப்படி.' பஸ்ஸில் வந்த பெயிண்டர் அதற்குள் கிறிஸ்டோபரிடம் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். பழைய சிரிப்பு முகங்களை அவரவர் அழித்துக்கொண்டிருந்தார்கள். அனிதா போட்ட படங்கள் மட்டும் அப்படியே இருந்தன. அவள் ஏதோ எழுத ஆரம்பித்தாள். எழுதி முடிப்பதற்குள் குழுவில் இருந்து நீக்கப்பட்டுவிட்டாள்.

மறுநாள் பில் மேசையில் வேறு பெண் இருந்தாள். "நீ கொஞ்ச நாளைக்குக் குடோன்ல இரு. டீச்சர் சிபாரிசுல வந்த பிள்ளை, போன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார் கிறிஸ்டோபர். அவர் அப்போது சால்வை வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

குழு முழுவதும் டீச்சர் வீட்டுக்குப் போனது. என்ன நடந்தது என்று ஜெபா குடோனுக்கு வந்தபோது சொன்னார். "எல்லாரும் கால்ல விழுந்தோம்டி. அந்தப் பிள்ளை புத்தி கெட்டுப் பேசிருச்சு, நாங்க யாரும் அப்படி நெனைக்கலன்னு இவரு அழுதே போயிட்டாரு. டீச்சர் ஒன்னும் சொல்லல. எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்தாக. கௌரவ ஆலோசகர்னு போர்டுல பேர் போட்டுருவோம்னு சொல்லிட்டு வந்திருக்கோம். இனிமே அவுக பூங்காப் பக்கம் எங்க வரப்போறாக." படமும் காட்டினார். நாற்காலியில் டீச்சர், மேலே சால்வை, பின்னால் எல்லாரும். சினேகா டீச்சரின் தோளில் கை வைத்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அனிதா பெயிண்ட் டப்பாக்களை அடுக்கினாள். தான் மட்டும் எப்படிக் கெட்டவள் ஆனாள் என்று அடுக்க அடுக்க யோசித்தாள். டீச்சருக்கு எல்லாப் பெயரும் தெரியும். ஒவ்வொரு சிரிப்பையும் பெயரோடு படித்தவர் அவர். பஸ்ஸில் தன்னை அவர் பேசியதும் தான் அவரைப் பேசியதும் சரிக்குச் சரி கழிந்துவிடும், நேரில் போய் நின்றால் நாலு அடி அடிப்பார், ஏசுவார், பிறகு உள்ளே வா என்பார் என்று தோன்றியது. அவர் ஏசினால் போதும் என்றிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் போனாள். கதவைத் தட்டினாள். உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது. டீச்சர் கதவைத் திறந்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பல்செட் போட்டுத் தலைவாரி ஒழுங்காக இருந்தார்.

"யாரு?"

"நான்தான் டீச்சர்."

"நான்தான்னா?"

"அனிதா மேரி."

டீச்சர் யோசித்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. விலாசம் விசாரித்து வந்தவரிடம் பேசும் மரியாதையோடு, "எங்கிட்டப் படிச்சீங்களாக்கும்? எந்த வருசம்?" என்று கேட்டார்.

வாழ்நாளில் அவர் யாரையும் 'ங்க' போட்டுப் பேசி அவள் கேட்டதில்லை. அனிதா வருடத்தைச் சொன்னாள்.

"அந்த வருசம் நெறையப் பிள்ளைக படிச்சாக" என்றார் டீச்சர். "எல்லாரையும் ஞாபகம் வச்சுக்க முடியல. வயசாயிருச்சு. ஏதும் வேலையா வந்தீங்களா?"

"இல்ல டீச்சர்."

"சரி. பாத்துப் போங்க, படி வழுக்கும்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.